இரு கடல்கள் சந்திக்கும் இடம்: நம் வாசலில் இருக்கும் பாடம்



சென்ற ஆண்டு வாடைக் காலத்தில், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலுள்ள ஓர் ஊரில், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் சிலர் அமர்ந்திருந்தோம். ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஒரு பக்கம் கருநீல நீர், மறுபக்கம் வெளிர்பச்சை நீர், நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு நுரைவரி. இரண்டு பெருங்கடல்கள் சந்தித்தும் ஒரு துளிகூடக் கலக்காமல் நிற்கின்றன என்றும், இதைக் கண்ட பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் பின்னணிக் குரல் கூறியது. "சுப்ஹானல்லாஹ்" என்று அனைவரும் மொழிந்தனர். நானும் மொழிந்தேன்.

உடனிருந்த என் தங்கை மகன் மட்டும் தயங்கினான். அவன் கடலியல் பயில்பவன். "மாமா, ரெண்டு கடலும் கலக்கத்தானே செய்யுது? கலக்கலைன்னா நம்ம கடலே இப்படி இருக்காதே" என்று மெதுவாகக் கேட்டான். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "படிப்பு கூடக்கூட ஈமான் குறையுது பாருங்க" என்றார். சிலர் சிரித்தனர். அவன் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றான். அடுத்த வாரம் தொழுகை முடிந்தவுடன் திண்ணைப் பக்கம் திரும்பாமலேயே புறப்பட்டுவிட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மதரஸாப் பிள்ளைகளுக்கு இதே கதையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அது உண்மையா என்று ஒருமுறையேனும் விசாரித்ததில்லை. அவனிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும், கடலுக்குச் செல்வோரிடம் பேசியும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். கடல்கள் கலக்கின்றன. அவ்வாறு கலப்பதால் திருமறைக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. கலப்பதில்லை என்று நாம் பரப்பும் கதையால்தான் குறை நேர்கிறது. இதுவே என் கருத்து.

முதலில் அந்தக் காணொளியைப் பார்ப்போம். இத்தகைய காணொளிகளோடு பரவும் புகழ்பெற்ற படம் ஒன்று, அலாஸ்கா வளைகுடாவில் 2007-ஆம் ஆண்டு கென் புரூலண்ட் என்னும் கடலாய்வாளர் எடுத்தது. பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்த நுண்ணிய வண்டல் கலந்த நீர், திறந்த கடலின் தெளிந்த நீரைச் சந்திக்கும் எல்லை அது. அங்கே இருப்பவை இரண்டு பெருங்கடல்கள் அல்ல. அந்த எல்லையும் ஓரிடத்தில் நிலையாக நிற்பதன்று. நகர்ந்துகொண்டே இருக்கும், சுழல்களால் கரைந்துகொண்டே இருக்கும். கூஸ்தோவைப் பொறுத்தவரை, அவர் 1997-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று காலமானார். பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் கத்தோலிக்க முறைப்படி அவருக்கு இறுதிச் சடங்கு நடைபெற்றது. இறந்துபோன ஒருவர் மீது அவர் சொல்லாததை ஏற்றிச் சொல்வதற்கு மார்க்கத்தில் என்ன அனுமதி இருக்கிறது? கேட்டதையெல்லாம் அப்படியே பரப்புவது ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் பிறருக்குப் பயான் செய்கிறோம். கைப்பேசியில் ஒரு செய்தியை மேற்கொண்டு அனுப்பும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

இனி, திருமறை என்ன கூறுகிறது என்பதற்கு வருவோம். இரு கடல்களைப் பற்றியும் அவற்றிடையே உள்ள தடுப்பைப் பற்றியும் 25-ஆம் அத்தியாயம் 53-ஆம் வசனத்திலும், 27-ஆம் அத்தியாயம் 61-ஆம் வசனத்திலும், 55-ஆம் அத்தியாயம் 19, 20-ஆம் வசனங்களிலும் பேசப்படுகிறது. முன்னோர்களான விரிவுரையாளர்கள் இவற்றை எவ்வாறு விளங்கினர்? இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் 25:53-க்கு விளக்கம் தரும்போது, சுவைநீர் என்பது ஆறுகள், ஊற்றுகள், கிணறுகள் ஆகியவற்றின் நீர் என்றும், உவர்நீர் என்பது கடல்கள் என்றும், நடுவிலுள்ள தடுப்பு என்பது நிலம் என்றும் கூறுகிறார்கள். 55-ஆம் அத்தியாயத்தின் இரு கடல்களை வானத்துக் கடல், பூமியின் கடல் என விளங்கியோரும் உண்டு. பாரசீகக் கடல், ரோமக் கடல் என விளங்கியோரும் உண்டு. இமாம் தபரீ (ரஹ்) இவ்வேறுபட்ட கருத்துகளைப் பதிவு செய்துள்ளார்கள்.

அந்தப் பெரியோர்கள் ஒரே கருத்தில் நில்லாத ஓர் இடத்தில், கைப்பேசியில் வந்த ஒரு நிமிடக் காணொளியை முடிந்த முடிபாக வைக்க நாம் யார்? ஒரு பொய்யான சான்றின் மேல் ஈமானைக் கட்டினால், அந்தச் சான்று சரியும் நாளில் ஈமானும் ஆட்டம் காணும். அதை முதலில் உணர்வது படிக்கும் பிள்ளைகள்தாம். "படிப்பால் ஈமான் குறைகிறது" என்று நாம் அவர்களையே குற்றம் சொல்கிறோம்.

இரு கடல்கள் சந்திக்கும் காட்சியைக் காண அலாஸ்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. அது நம் வாசலில் இருக்கிறது. நம் மாவட்டக் கடற்கரை சிறியது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் என்று ஊர்கள் தொடர்கின்றன. இவ்வூர்கள் அனைத்தும் பாக் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கின்றன. இந்த விரிகுடா ஆழமற்றது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. இதற்கு இரண்டு பக்கம் வாசல்கள் உண்டு. வடக்கு வாசல், கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கும் இடையிலுள்ள பாக் நீரிணை. அது அகன்றது, வங்காள விரிகுடாவோடு நம்மை இணைக்கிறது. தெற்கு வாசல் குறுகியது. ஒன்று, மண்டபத்துக்கும் இராமேசுவரம் தீவுக்கும் இடையிலுள்ள, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பாம்பன் வழி. மற்றொன்று, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் மணல்திட்டுகளின் வரிசை. ஆதம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் மக்கள் அதை அழைக்கின்றனர். அந்தத் திட்டுகளின் மேல் பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் நீரே ஓடுகிறது. அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா. அது ஆயிரம் மீட்டருக்கும் மேலாக ஆழ்ந்து இந்தியப் பெருங்கடலோடு சேர்கிறது.

இராமேசுவரத்து மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் கூறுவதுண்டு. ஆக, இரண்டு கடல்கள், நடுவே ஒரு தடுப்பு. முத்துக்குப் பேர்போன துறைகளும் பவளப் பாறைகளும் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கின்றன. 55-ஆம் அத்தியாயத்தை ஓதும் ஒரு தமிழ் முஸ்லிமுக்கு இதைவிட அருகில் வேறு என்ன காட்சி வேண்டும்?

ஆனால் இந்தத் தடுப்பு சுவர் அன்று. கோட்டைப்பட்டினத்தில் நெடுங்காலம் கடலுக்குச் சென்று இப்போது ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், இந்த இரு கடல் நீரும் கலக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "கடலுக்கு ஏதுங்க செவுரு? வாடையில வலை தெக்க இழுக்கும், கச்சான்ல வடக்க இழுக்கும். போற தண்ணி எங்க போவும்? அங்கிட்டுத்தான் போவும்" என்றார். நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்கின்றனர். நீவாடு தெரியாதவன் வலையை இழப்பான் என்பது அவர்களுடைய முதல் பாடம்.

கடலியலார் கூறுவதும் இதுவே. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாக நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா போன்ற பேராறுகளின் வெள்ளத்தால் உப்புக் குறைந்த வங்கக் கடல் நீரை அது கொண்டுவருகிறது. அதன் பெரும்பகுதி இலங்கையைச் சுற்றிச் செல்ல, ஒரு பகுதி பாக் நீரிணை வழியாக நம் விரிகுடாவுக்குள் நுழைந்து, பாம்பன் வழியாகவும் மணல்திட்டுகளின் இடைவெளிகள் வழியாகவும் மன்னார் வளைகுடாவுக்குள் கசிகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் இது தலைகீழாகிறது. உப்பு மிகுந்த தென்கடல் நீர் நம் பக்கம் வருகிறது. ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் இந்தப் போக்குவரத்தே நம் கடலின் உயிர்.

அப்படியானால் ஒரே கேள்விதான் மிச்சம்: எவ்வளவு? எந்த மாதத்தில் எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு போகிறது, உள்ளே வந்த நீர் எத்தனை நாள் தங்குகிறது? இதைக் கணக்கிடுவதையே நீர்ப் பரிமாற்றத்துக்கு மாதிரி அமைத்தல் என்கின்றனர். பெயர் பெரிதாக இருந்தாலும் இதன் அடிப்படை நம் பள்ளிவாசல் ஹவுளில் இருக்கிறது. இருபதாயிரம் லிட்டர் கொள்ளும் ஹவுளில், ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் லிட்டர் நீர் வந்து அதே அளவு வெளியேறினால், உள்ளேயுள்ள நீர் மாறச் சராசரியாக இருபது மணி நேரம் ஆகும். வரவு, செலவு, இருப்பு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். நம் ஃபிக்ஹு நூல்கள் தூய்மை பற்றிய பாடத்தோடு, நீரைப் பற்றிய விளக்கத்தோடுதானே தொடங்குகின்றன? நீர் எவ்வளவு, ஓடுகிறதா, தேங்கியதா, நிறமும் மணமும் சுவையும் மாறினவா என்று நம் இமாம்கள் அளந்து கேட்டார்கள். அந்தக் கேள்விகளையே ஒரு கடலை நோக்கிக் கேட்டால் அது கடலியல்.

இந்தக் கணக்கின் வரலாறும் ஒரு முஸ்லிம் நகரத்தின் நீரிணையில்தான் தொடங்குகிறது. 1679-ஆம் ஆண்டு லூயிஜி மார்சிலி என்னும் இத்தாலிய இளைஞர் உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லுக்கு வந்தார். கருங்கடலிலிருந்து பாஸ்பரஸ் நீரிணை வழியாக நீர் தெற்கே மர்மரா கடலுக்கு ஓடுவதை அனைவரும் கண்டனர். ஆனால் மேலே ஒரு திசையில் ஓடும் நீருக்கு அடியில் எதிர்த்திசையில் இன்னொரு நீரோட்டம் இருப்பதை அவ்வூர் மீனவர்கள் அறிந்திருந்தனர். ஆழத்தில் இறங்கிய வலை எதிர்ப்பக்கம் இழுபடுவது அவர்களுக்கு அன்றாட அனுபவம். மார்சிலி அதைக் கேட்டு நகைக்கவில்லை. வெண்ணிறம் பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டிக் குண்டு தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தார். மேல் தக்கைகள் ஒருபுறம் சாய, கீழ்த் தக்கைகள் மறுபுறம் சாய்ந்தன. பின்னர் ஒரு தொட்டியை நடுவே தடுத்து, ஒரு பாதியில் உப்பு மிகுந்த நீரும் மறு பாதியில் உப்புக் குறைந்த நீரும் நிரப்பி, தடுப்பின் மேலும் கீழும் துளையிட்டார். கனமான உப்புநீர் கீழ்த் துளை வழியாக ஒரு பக்கமும், இலகுவான நீர் மேல் துளை வழியாக மறு பக்கமும் ஓடின. 1681-இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். நீரிணைகளுக்கு அமைக்கப்பட்ட முதல் மாதிரிகளுள் ஒன்று அந்தத் தொட்டி. அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் அல்பிரூனீ (ரஹ்), நன்னீருக்கும் உவர்நீருக்கும், குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் உள்ள எடை வேறுபாட்டை ஆராய்ந்திருந்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

1900-ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் நூட்சன் இதை எளிய கணக்காக்கினார். கருங்கடலின் மேல்மட்ட நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 18 கிராம் உப்பு. அடியில் உள்ளே வரும் நீரில் சுமார் 36 கிராம், அதாவது இருமடங்கு. கருங்கடலின் உப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டுமானால், உள்ளே வரும் உப்பும் வெளியேறும் உப்பும் சமமாக வேண்டும். ஆகவே உள்ளே வரும் நீரைப்போல் இருமடங்கு நீர் வெளியேற வேண்டும். மிகுதி எங்கிருந்து வருகிறது? ஆறுகளிலிருந்தும் மழையிலிருந்தும். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 கன கிலோமீட்டர் மேலே வெளியேறுகிறது, 300 கன கிலோமீட்டர் கீழே உள்ளே வருகிறது என்று பிற்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. ஒரு பிடி உப்பின் கணக்கு ஒரு கடலின் கணக்கைச் சொல்லிவிடுகிறது.

மேலும் கீழுமாக இரு அடுக்குகள் ஓடுகின்றன என்றால், காணொளி சொல்வது சரிதானே என்று சிலர் கேட்கலாம். அதில் ஒரு துளி உண்மை உண்டு. அடர்த்தி வேறுபட்ட நீர்கள் சந்தித்தவுடன் கலந்துவிடுவதில்லை. நெடுந்தொலைவு அடுக்கடுக்காக ஓடும். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக வெளியேறும் மத்தியதரைக் கடலின் உப்புநீர், அட்லாண்டிக்கில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஓர் அடுக்காகப் பரவுகிறது. ஆனால் போகப்போக அது நீர்த்துக்கொண்டே செல்கிறது. வேறுபாடு நீடிப்பதற்குக் காரணம் கலவாமை அன்று. ஒருபுறம் வெயில் நீரை ஆவியாக்கி உப்பைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. மறுபுறம் ஆறுகள் நன்னீரைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. நடுவே கலப்பு நடந்துகொண்டே இருக்கிறது. மூன்றும் ஓர் அளவில் நிற்பதால் ஒவ்வொரு கடலும் தன் தன்மையோடு இருக்கிறது. ஓயாமல் இயங்கும் ஒரு சமநிலை இது. அல்லாஹ்வின் ஆற்றலை எண்ணி வியக்க, அசையாத ஒரு கோட்டைவிட இந்த அளவுமுறை குறைந்ததா? 55-ஆம் அத்தியாயம் இரு கடல்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, தொடக்க வசனங்களில் மீஸானை, அதாவது தராசை, மூன்று முறை நினைவூட்டுகிறது என்பதைச் சிந்திப்போம்.

நம் பாக் விரிகுடாவுக்குத் திரும்புவோம். இங்கே நூட்சனின் கணக்கு மட்டும் போதாது. பாஸ்பரஸ் ஆழமானது, அங்கே இரு அடுக்குகளுக்கு இடமுண்டு. நம் கடல் ஆழமற்றது. காற்றும் அலையும் மேலிருந்து கீழ்வரை நீரைக் கலக்கிவிடுகின்றன. ஆகவே பருவத்துக்கு ஒரு திசையில் மொத்த நீரும் நகர்கிறது. அதைத் தள்ளுவது காற்றும், இரு கடல்களின் நீர்மட்ட வேறுபாடும், ஓதமும். அதைத் தடுப்பது தரையின் உராய்வு. இதைக் கணினியில் கணக்கிட, கடலைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம், காற்று, உப்பு, வெப்பம் ஆகியவற்றைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் செல்வதை ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூட்டிப் பார்க்கின்றனர்.

இங்கேதான் என் மருமகன் எனக்கு ஒரு செய்தி சொன்னான். அது என் மனத்தை விட்டு அகலவில்லை. பெருங்கடல்களுக்கான மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அகலம் பத்து கிலோமீட்டருக்கு மேல் இருப்பதும் உண்டு. பாம்பன் வழியோ இரண்டு கிலோமீட்டர். அத்தகைய மாதிரியில் பாம்பன் என்ற ஒன்றே இராது; அந்த இடம் நிலமாக அடைபட்டுவிடும். இருக்கிற வாசலைக் கணினி சுவராக்கிவிடும். "பெரிய கட்டத்துல பார்த்தா சின்ன வாசல் தெரியாது மாமா" என்றான். கட்டங்களைச் சிறிதாக்கினாலும், அந்த மணல்திட்டுகள் புயலுக்கும் பருவத்துக்கும் இடம் மாறுவன. சென்ற ஆண்டு அளந்த ஆழம் இவ்வாண்டு பொருந்தாமல் போகலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் முதியோர்கள் மறக்கவில்லை. எனவே கணினி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், கடலில் இறங்கி அளப்போரும், அன்றாடம் கடலைக் காண்போரும் இல்லாமல் மாதிரி மெய்யாகாது.

இவையெல்லாம் ஆய்வாளர்களின் வேலை. நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குச் சேதுசமுத்திரத் திட்டத்தை நினைவூட்டுகிறேன். இந்த நீரிணையில் கப்பல் செல்லக் கால்வாய் தோண்டும் யோசனை 1860-இல் ஏ.டி. டெய்லர் என்னும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி காலத்திலிருந்தே இருந்துவருகிறது. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் என்பது திட்டம். 2007-இல் ஆதம் பாலப் பகுதிக்குச் சேதம் கூடாதென உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. இத்தனை ஆண்டுகளும் தெருவில் நடந்த விவாதம் என்ன? அது பாலமா, மணல்திட்டா, நம்பிக்கையா, வளர்ச்சியா, எந்தக் கட்சி, எந்தச் சமயம் என்பதே. நம் சமுதாயத்தவரும் அந்த இரைச்சலில் ஒரு பக்கம் நின்றோம். வாசலை ஆழமாக்கினால் நம் கடலுக்குள் வரும் நீரும் போகும் நீரும் எவ்வளவு மாறும் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பினர். கடலோர ஜமாஅத்துகளில் அது எழுந்ததாக நான் அறியேன்.

ஒரு காகிதக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணல்திட்டுகளின் 30 கிலோமீட்டருக்கும் சராசரி ஆழம் இரண்டு மீட்டர் என எளிமைக்காகக் கொள்வோம். நீர் ஓடும் குறுக்குப் பரப்பு 60,000 சதுர மீட்டர். 300 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமுமுள்ள கால்வாயின் பரப்பு 3,600 சதுர மீட்டர், அதாவது நூற்றுக்கு ஆறு. அகலத்தில் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றே. ஆனால் ஆழமான நீருக்குத் தரையின் உராய்வு குறைவு. அதே உந்துதலில் அது இரண்டரை முதல் மூன்று மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். ஆகவே நூற்றில் ஒரு பங்கு அகலமுள்ள கால்வாய், மீதித் திட்டுகள் அனைத்தின் மேலும் ஓடும் நீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதலாகக் கடத்தக்கூடும். இது தீர்ப்பன்று. உண்மையான ஆழமும், வளைவும், ஓதமும், கால்வாயைத் தூர்க்கும் மணலும் சேர்ந்தால் விடை மாறும். ஆனால் "சிறு கால்வாய்தானே" என்று யாரும் கடந்துவிட முடியாது என்பதைக் காட்ட இந்த எளிய கணக்கே போதும். திட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் முதலில் இந்தக் கேள்விக்கு விடை கோர வேண்டும்.

ஏனெனில் விளைவு நம் வீட்டு அடுப்புவரை வரும். பாக் விரிகுடாவின் அடித்தரையில் கடற்புல் பரந்து கிடக்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளரும் தொட்டில் அது. கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும்; வெளிச்சத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும்; தெளிவையும் உப்பளவையும் தீர்மானிப்பது நீரின் வரத்தும் போக்கும். நாம் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு அந்தப் புல்லையே உண்டு வாழ்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய சுமார் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இறால் பண்ணைகளின் கழிவும் ஊர்ச் சாக்கடையும் இதே கடலில்தான் சேர்கின்றன. உள்ளே வந்த நீர் பத்து நாளில் மாறுகிறதா, நூறு நாளாகியும் தங்குகிறதா என்பதைப் பொறுத்தே அந்தக் கழிவு நீங்குவதும் தேங்குவதும். ஹவுளில் நீர் மாறாவிட்டால் என்னவாகும் என்பதை உளூச் செய்யும் எவரும் அறிவர்.

ஆகவே நம் ஜமாஅத்துகளின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, கடல்கள் கலப்பதில்லை என்னும் காணொளியையும் கூஸ்தோ கதையையும் இனிப் பகிராதீர்கள். முன்பு பகிர்ந்திருந்தால், அதே குழுவில், "நான் அனுப்பியது தவறு" என்று ஒரு வரி எழுதுங்கள். தஃவாவுக்குப் பொய் துணை வேண்டியதில்லை. நான் அவ்வாறு எழுதியபோது இருவர் கோபித்தனர். ஒருவர் நன்றி கூறினார். மதரஸாவில் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இன்று பல ஊர்களில், பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரையும் என்னால் தேடிச் சொல்ல இயலாது. இந்தக் கட்டுரை அவர்களுள் சிலரையேனும் சென்றடையட்டும்.

இரண்டாவது, கடலியலும் நீரியலும் பயிலும் பிள்ளைகளுக்கு ஊரில் மதிப்பளியுங்கள். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவித்தொகை வழங்கும் நாம், கடலோர ஊர்களிலிருந்து கடலைப் படிக்கச் செல்லும் ஒரு மாணவனையோ மாணவியையோ ஆதரிக்கக் கூடாதா?

மூன்றாவது, நம் மூத்த கடலோடிகளின் அறிவை எழுதி வையுங்கள். எந்த மாதத்தில் நீவாடு எப்பக்கம் இழுக்கும், எங்கே மணல் ஏறியது, எங்கே கடற்புல் அழிந்தது என்பதை அவர்கள் அறிவர். இஸ்தான்புல் மீனவர்களின் சொல்லைக் கேட்டதால்தான் மார்சிலியின் ஆய்வு பிறந்தது. நம் மீனவர்களின் சொல்லைக் கேட்க வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டுமா?

சென்ற மாதம் என் மருமகனை அழைத்துக்கொண்டு கோட்டைப்பட்டினத்துப் பெரியவரிடம் மீண்டும் சென்றேன். இருவரும் ஒரு தாளை விரித்து, மாதம் வாரியாக நீவாட்டின் திசையைக் குறித்தனர். ஓரிடத்தில் இவன் கணக்கும் அவர் அனுபவமும் முரண்பட்டன. "உங்க கம்ப்யூட்டர்ல பாம்பன் தொறந்திருக்கா தம்பி?" என்று அவர் கேட்டார். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பார்த்துட்டுச் சொல்றேன், அப்பா" என்றான். அஸர் பாங்கு கேட்டது. இருவரும் ஒன்றாகவே பள்ளிக்கு நடந்தனர்.

அறிவை அதிகப்படுத்துமாறு இறைவனிடம் கேட்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அறிந்ததை மறைக்காமலும், அறியாததைப் பரப்பாமலும் வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. நம் கடலையும், அதை நம்பி வாழும் அனைத்துச் சமய மக்களின் வாழ்வாதாரத்தையும் அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.